சீச்சீக்காரரின் மூன்று பயணங்கள்

சோபா தைக்கிறவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை இருக்காது. இருக்க வழியில்லை. உட்காருகிறவர்களுக்கு அது ஆசனம். கவிழ்த்துப் போட்டு அடியைக் கிழிக்கிறவனுக்கு அது குப்பைத் தொட்டி. நகத்துண்டு, முடிச் சுருள், பிசுபிசுத்த மிட்டாய், பாதி கடித்த பிஸ்கட், கரப்பான் முட்டை, என்றைக்கோ செத்துக் காய்ந்து காகிதமாகிப் போன பல்லி. ஒருமுறை பெரிய வீட்டுச் சோபா ஒன்றின் உள்ளே பொய்ப்பல் வரிசை சிரித்துக்கொண்டு கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த வீட்டு முதியவர் அதை வேட்டியில் ஒரு துடை துடைத்து வாயில் மாட்டிக்கொண்டு, "ரெண்டு வருஷமாத் தேடுறேன்" என்றார்.

நான் சொல்லப்போகிறவர் பாதி ஆயுளை இப்படி அடியைக் கிழித்தே கழித்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் மூக்கைச் சுளித்து "சீச்சீ" என்பார். அதற்குப் பிறகுதான் வணக்கம், நலமா எல்லாம். தெருவில் அவருக்குச் சீச்சீக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. போனில் வாடிக்கையாளர்கள்கூட "சீச்சீக்காரர் கடைங்களா?" என்று கேட்பார்கள். "ஆமா, சொல்லுங்க" என்பார், அப்பா அம்மா வைத்த பேர் மாதிரி.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு. அதன் அடியில் ஈரச் சாக்கு ஒன்று எப்போதும் கிடக்கும், கடைத் தூசி வீட்டுக்குள் போகக் கூடாதென்று. அவர் மனைவி கடையிலேயே தையல் மெஷினில் உறை தைப்பாள். மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருந்தாள். மகன் பத்து வயசுப் பயல், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன்.

பிள்ளைகள் வளர்வதை மற்ற அப்பன்கள் உயரத்தில் பார்ப்பார்கள். இவர் மூக்கால் பார்த்தார். பையனின் காலுறை பால் வாடையிலிருந்து செத்த எலி வாடைக்கு மாறியபோது, "இவன் பெரியவனாயிட்டான்" என்று அறிவித்தார். மகள் அறைக் கதவை மூடிக்கொள்ள ஆரம்பித்து, உள்ளே என்னவோ வாசனைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டபோது, கதவுக்கு வெளியே நின்று மூன்று தும்மல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே போகவில்லை. அவள் இனிமேல் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகவேண்டிய ஆள் என்பது அந்தத் தும்மலில்தான் அவருக்குப் புரிந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, அடுத்த வருஷம் பெரியவ வெளியூருக்குப் படிக்கப் போயிடுவா. அப்புறம் விருந்தாளி மாதிரி வந்துட்டு, விருந்தாளி மாதிரி போவா. இந்த வருஷம் மூணு லீவு வருது. மூணு லீவுக்கும் நாலு பேரும் சேர்ந்து எங்கயாவது போறோம். நீங்க மட்டும் அந்த மூக்கை வீட்டுல கழட்டி வச்சுட்டு வாங்க."

"மூக்கை வச்சுட்டு வந்தா மூச்சை எப்படி விடறது?"

"வாயால விடுங்க. பேச்சும் கொறஞ்ச மாதிரி இருக்கும்."

முதல் லீவுக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார்கள். விடுதி அறையில் பையைக் கூட இறக்கவில்லை, இவர் மெத்தையின் விரிப்பை உருவினார். மெத்தையில் உலக வரைபடம் மாதிரி மஞ்சள் கறைகள். குனிந்து மோந்தார். "சீச்சீ. எத்தனை பேர் வேர்வைடா இது!" சரி, அதோடு விட்டிருக்கலாம். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தியை எடுத்து மெத்தை ஓரத் தையலை ஒரு சாண் பிரித்தார். உள்ளே மூட்டைப்பூச்சிக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் விடுதி மேலாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

மேலாளர் மூட்டைப்பூச்சியைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தார்.

"மெத்தையைக் கிழிச்சிருக்கீங்க?"

"கிழிச்சதாலதான் தெரிஞ்சுது!"

"எத்தனையோ பேர் வந்து படுத்துட்டுப் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலை."

"சொல்ல அவங்க உடம்புல ரத்தம் மிச்சம் இருந்திருக்காது."

சத்தம் கேட்டுப் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் தலையை நீட்டினார்கள். அதில் மகள் வயசுப் பெண்கள் நாலைந்து பேர். வந்த பஸ்ஸிலேயே அவர்களோடு சிரித்துப் பேசிச் சிநேகிதமாகியிருந்தாள் இவள். அவர்கள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு, இவளையும் இவள் அப்பாவையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மகள் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றாள், சுவர் திறந்து வழிவிட்டால் போய்விடுவாள் போல. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பினார்கள். கடலைச் சின்னவன் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு அப்பா மடியில் வாந்தி எடுத்தான்.

கடலைக் காட்டாத பாவத்துக்குப் பரிகாரமாக அவனுக்கு ஒரு மீன்தொட்டி வந்தது. ஆறு மீன் வாங்கினார்கள். ஒன்றை ஒன்று தின்று, கடைசியில் வயிறு பருத்த ஒன்று மட்டும் மிஞ்சி, அதுவும் தனிமை தாங்காமல் மல்லாந்தது. சீச்சீக்காரர் அதை இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் மாட்டிக்கொண்டு எடுத்துப் போட்டார். பிறகு பயல் நத்தைகளைச் சாப்பாட்டு டப்பாவில் வளர்த்தான். அது தெரியாமல் மனைவி அந்த டப்பாவில் ரொட்டியை வைத்து மூடினாள். அந்தக் கதை வேண்டாம், எனக்கே வயிற்றைப் புரட்டுகிறது.

பூனையை யாரும் கொண்டுவரவில்லை. அதுவாகக் கடைக்குள் வந்தது. துணி போர்த்தாமல் இருந்த ஒரு சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இவர் வேலை செய்வதை ஒரு நாள் பூராவும் பார்த்தது. "அப்பா, முதலாளி வந்துட்டாரு!" என்று பயல் கத்தினான். முதலாளி என்றே பேர் ஆகிவிட்டது. வேலை செய்யாது, வேளைக்குச் சாப்பிடும், நல்ல நாற்காலியில்தான் உட்காரும். மகளுக்கு அதன் மேல் உயிர். படிக்கும்போது அவள் கழுத்தில் துண்டு மாதிரி கிடக்கும். சீச்சீக்காரருக்கு அது ஒரு நடமாடும் முடி மூட்டை. புதிதாகத் தைத்த கறுப்பு வெல்வெட் மேல் அது புரண்ட அன்று அவர் தையல் ஊசியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். அது ஓடவில்லை. ஊசியை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது லீவுக்கு மச்சான் வீடு. மனைவியின் அண்ணன் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். விடுதி வேண்டாம், சொந்தக்காரர் வீட்டு மெத்தையைக் கிழிக்கிற அளவுக்கு இவருக்குப் பைத்தியம் முற்றவில்லை என்று மனைவி நம்பினாள். கிழிக்கவில்லைதான்.

மச்சான் வீட்டில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். வந்தவர் முகத்தை நக்கி வரவேற்பது அதன் மரியாதை. இவர் போய் மூன்று தடவை முகம் கழுவிக்கொண்டு வந்து, சோபா விளிம்பில் குருவி மாதிரி உட்கார்ந்தார். மச்சானின் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் மனைவிமாரோடு தேநீருக்கு வந்திருந்தார்கள். பேச்சு ஊர் உலகத்தைச் சுற்றியது. கைக்கு வேலை இல்லாவிட்டால் அது பழகின வேலையைத் தேடிப் போகும். பேசிக்கொண்டே இவர் கை இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவில் நுழைந்தது. ஒரு எலும்புத் துண்டு வந்தது. ஒரு பழைய காலுறை வந்தது. முடி சிக்கிய சீப்பு வந்தது. நாய் மென்று துப்பிய என்னவோ ஒன்று வந்தது, அது என்னவென்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. கடையில் செய்வது போலவே எல்லாவற்றையும் எதிரே இருந்த தேநீர் மேஜையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில், வரிசையாக அடுக்கினார்.

விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"சீச்சீ" என்றார் இவர், நிஜமான அனுதாபத்தோடு. "மச்சான், இது மேலதான் தினமும் உக்கார்றீங்களா?"

விருந்தாளிகளில் ஒரு அம்மாள் மெல்ல எழுந்து நின்றுகொண்டாள். மச்சான் மனைவி அடுக்களைக்குள் போனவள் திரும்பி வரவே இல்லை. மறுநாள் கிளம்பும்போது மச்சான் தங்கையை மட்டும் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். இவருக்குக் கையைத் தூரத்திலிருந்தே ஆட்டினார். நாய் ஒன்றுதான் முகத்தை நக்கி அனுப்பியது.

மனைவி வழியெல்லாம் அழுதாள். மகள் அழவில்லை. வீடு வந்து பூனையைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நின்றபடியே சொன்னாள்: "மூணாவது ஊருக்கு நான் வரலை."

"ஏன்?"

"முதலாளிக்கு யாரு சோறு வைக்கறது? நான் இருந்து பார்த்துக்கறேன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்குப் படுத்துக்கறேன்னு சொன்னாங்க."

"பூனைக்கு ஊர் பூரா சோறு கிடக்கு. நெஜமான காரணத்தைச் சொல்லு."

"நெஜமான காரணம் வேணுமா? உங்களோட எங்கயும் வர எனக்கு அருவருப்பா இருக்கு."

அவருடைய சீச்சீதான், வேறு வார்த்தையில். அதை அவர் மேலேயே துப்பியிருந்தாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அப்படியா? பூனைதானே சாக்கு? அந்தப் பூனையை ஒரு கோணியில கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன். அப்புறம் என்ன சாக்குச் சொல்றேன்னு பாக்கறேன்!"

சொல்லிவிட்டார். கடை வாசலில் சரக்கேற்ற வந்திருந்த வேன்காரர் காதிலும் விழுந்தது. அவரைத் தெருவில் ஆமை என்பார்கள், வண்டியை அவ்வளவு வேகமாக ஓட்டுவார். ஆமை நாக்கை 'த்சு' கொட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளுக்குள் விஷயம் வேறு. மூன்றாவது பயணம் நன்றாக அமையவேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோரையும்விட ஆசைப்பட்டவர் இவர்தான். ஏரிக்கரை ஊர் ஒன்றில் புதிதாகக் கட்டிய விடுதி; மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அறை சொல்லியிருந்தார். கத்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் போவது என்றும் முடிவு செய்திருந்தார். இதையெல்லாம் மகளிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. "சீச்சீ, கெஞ்சறதா?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

லீவு வந்தது. சாயங்காலம் பஸ். அன்று காலையில் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குப் போகவேண்டிய பெரிய சோபா கடையில் மல்லாந்து கிடந்தது.

இவர் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பழைய சோபாவின் அடியைக் கிழித்து, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் அசிங்கத்தை ஒரே மூச்சில் வழித்து எடுப்பார். புது ஸ்பாஞ்ச், புது உறை எல்லாம் போட்டபின் பசை வாடை போவதற்காக ஒரு ராத்திரி அடியைத் திறந்தபடி விட்டுவிடுவார். காலையில் கறுப்பு அடித்துணியை விரித்து, காற்றழுத்தத்தில் கம்பிப் பின் அடிக்கும் துப்பாக்கியால் சுற்றிலும் பட்பட்டென்று அடித்து மூடுவார். மூடும்போது உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். எந்தச் சோபாக்காரனும் பார்ப்பான், இவர் பார்க்கமாட்டார். ஒரு தடவை பார்த்த வயிற்றுக்குள் மறுபடி பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அன்றும் அப்படித்தான். மூன்று பக்கம் அடித்து முடித்து, நாலாவது பக்கம் வரும்போது சோபாவின் கைப்பிடிப் பொந்துக்குள் சரசரவென்று ஏதோ நகர்ந்தது. இவர் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. எலி! துணியைத் தூக்கி விரட்டவேண்டும். தூக்கினால் அது மேலே பாயும், சட்டைக்குள் போகும், அப்புறம்... கண்ணை இறுக்கிக்கொண்டு மிச்சப் பின்னை முன்னைவிட வேகமாக அடித்து மூடினார். ஆமை வந்தார், இரண்டு பேரும் தூக்கி ஏற்றினார்கள், சோபா போய்விட்டது. இவர் சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டார்.

மத்தியானம் தாண்டி, பைகளெல்லாம் கட்டி வாசலில் வரிசையாக நின்றன. அப்போதுதான் வீடு முழுக்க மகளின் குரல் கேட்டது. "முதலாளி! முதலாளி!" கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, தையல் மெஷினுக்குப் பின்னால். பயல் மாடிப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு, நேராகக் கடை மூலைக்குப் போய்க் கோணிகளை எண்ணினான்.

"அக்கா! ஒரு கோணி கொறையுது!"

"அது கழிவு ஸ்பாஞ்ச் போட்டுக் குடுத்துவிட்டதுடா!" என்றார் சீச்சீக்காரர்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். மனைவியின் பார்வைதான் அவரைச் சுட்டது. அதில் கோபம் இல்லை. "செஞ்சாலும் செஞ்சிருப்பீங்க" என்ற பார்வை.

"எங்க விட்டீங்க?" மகள் கேட்டாள்.

"நான் விடலை."

"ஆத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அதையாவது சொல்லுங்க, நான் போய்த் தேடிக்கறேன்."

"விடலைன்னு சொல்றேன்ல!"

"சொன்னீங்களே, எல்லார் முன்னாடியும். பூனை இல்லைன்னா நான் வந்துதானே ஆகணும்?" அவள் உள்ளே போய்த் தன் பையைத் தூக்கிவந்து, மற்றப் பைகளின் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். "வர்றேன். ஜெயிச்சுட்டீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். உங்களோட பேசறது இதுதான் கடைசி. படிக்கப் போற வரைக்கும் பேசமாட்டேன். போன பிறகும் பேசமாட்டேன்."

பெற்ற பெண், கோணியில் பூனையைக் கட்டுகிற ஆளாகத் தன்னை எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது அவருக்கு அருவருப்பாக இருந்தது. அவள் மேல் அல்ல, அவள் அப்படி நம்பும்படி வருஷம் பூராவும் நடந்துகொண்ட ஒருத்தன் மேல். கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதையாவது உதைக்கவேண்டும் போல இருந்தது. காலை ஓங்கினார். அடித்துணி உருளை தரையில் கிடந்தது. கறுப்புத் துணி. அதன் மேல் பழுப்பும் வெள்ளையுமாக முடி. வெட்டி எடுத்த மிச்சத் துண்டிலும் முடி.

ஓங்கின கால் அப்படியே நின்றது.

காலையில் உள்ளே சரசரத்தது எலி இல்லை.

சொல்லாமல் தானே தனியாகப் போய் எடுத்துவந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால், எலி என்று நினைத்தும் உள்ளே வைத்து மூடினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எலியோடு ஒரு சோபாவை டாக்டரிடம் அனுப்பினவன் என்ற பேர், கோணிக்காரன் என்ற பேரைவிட ஒன்றும் மேல் இல்லை. ஆனால் மகள் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் இப்போது கையில் இருந்தது. கதவைத் திறந்தார்.

"பெரியவளே, செருப்பைப் போடு. பல் டாக்டர்ட்ட போறோம்."

பேசமாட்டேன் என்று சொன்னவள் தன்னையறியாமல் பேசிவிட்டாள். "எனக்குப் பல் நல்லாத்தான் இருக்கு."

"பூனை அங்க இருக்கு. சோபாவுக்குள்ள. நான்தான் வச்சுத் தச்சுட்டேன்."

போனில் கூப்பிட்டால் ஆமை வண்டி வர நேரமாகும். இரண்டு பேரும் நடந்தே, பிறகு ஓடியே போனார்கள். ஓட்டத்திலேயே அவர் கைப்பிடிப் பொந்தையும் சரசரப்பையும் சொல்லி முடித்தார். மகள் ஓடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எலின்னு நெனச்சீங்க. சரி. எலின்னு நெனச்சுமா மூடுனீங்க?"

"ஓடு, அப்புறம் திட்டு."

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுச் சோபாவில் மட்டும் ஒரே ஒரு ஆள், கன்னம் பன் மாதிரி வீங்கி, நிம்மதியாகக் கால்நீட்டி இருந்தார். வரவேற்பு மேஜைப் பெண் இவரைப் பார்த்ததும், "அண்ணே, சோபா சூப்பர். ஆனா மத்தியானத்துலேர்ந்து ஒரு முனகல் சத்தம். உள்ள டாக்டர் பல்லைப் பிடுங்கும்போது கத்தறாங்கன்னு நெனச்சு மூணு பேர் எழுந்து வீட்டுக்கே போயிட்டாங்க" என்றாள்.

"ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க" என்றார் இவர், வீங்கின கன்னத்தாரிடம்.

"ங்... முந்தி வந்தது நானு."

"பல்லுக்கு இல்லைங்க, சோபாவுக்கு!"

அப்பாவும் மகளுமாகச் சோபாவைத் தூக்கி மல்லாக்கப் போட்டார்கள். அவர் சட்டைப்பையைத் தடவினார். கத்தி வீட்டு மேஜையில் இருந்தது, பயணத்துக்காக எடுத்து வைத்தது. பின்னைப் பல்லால் கவ்வி, நகத்தால் நெம்பி, காலையில் தான் அடித்த துணியைத் தானே பிய்த்தார். நகம் கிழிந்தது. பொந்துக்குள்ளிருந்து ஒரு வெம்மையான வாடை வந்து மூக்கில் அறைந்தது. ரத்தம், மூத்திரம், பசை, இன்னும் என்னவோ. வயிற்றிலிருந்து எல்லாம் மேலே வந்தது. முழுங்கினார்.

"கிளவுஸ் தரவா அண்ணே?" என்றாள் வரவேற்புப் பெண்.

"கையை விடுங்கப்பா!" என்றாள் மகள்.

கையை விட்டார். வெறும் கை. அவர் ஆயுளில் கிழித்த சோபாவின் அடிவயிற்றுக்குள் வெறும் கை போனது அதுதான் முதல் தடவை. ஈரம். கொழகொழப்பு. அதன் நடுவில் எதுவோ சின்னதாக, சூடாக, நெளிந்தது. கை தானாக வெளியே வந்துவிட்டது. பார்த்தார். விரலெல்லாம் சிவப்பும் பழுப்பும்.

"குட்டி போட்டிருக்கு" என்றார். "இது பொட்டை."

"முதலாளியா?" மகள் மண்டியிட்டுத் துணியை விலக்கிப் பிடித்தாள். கொஞ்ச நாளாக அது பெருத்து வந்ததைச் சாப்பாட்டுக் கொழுப்பு என்று எல்லோரும் கேலி பேசியிருந்தார்கள்.

இரண்டாம் தடவை முழங்கை வரை போனார். முதலாளி அவர் புறங்கையில் நாலு கோடு கீறியது. அவர் விடவில்லை. ஒன்று வந்தது, எலிக்குஞ்சு மாதிரி, கண் மூடி, வாய் மட்டும் திறந்து. மகள் தன் துப்பட்டாவில் வாங்கினாள். இன்னொன்று. இன்னொன்று. பிறகு தாய், வேனில் குலுங்கி, மேலே மனிதர்கள் உட்கார்ந்து எழுந்ததில் பயந்து, கண் மட்டும் பெரிதாக. வெளியே வந்ததும் அது துப்பட்டாவுக்குள் குதித்துக் குட்டிகளின் மேல் படுத்துவிட்டது.

"இன்னும் இருக்கான்னு பாருங்க."

பொந்தின் கடைசியில், ஸ்பிரிங் கம்பியில் சிக்கி, சவ்வுப் பையோடு ஒன்று. நக்கிப் பிரிக்கத் தாய்க்கு அங்கே எட்டவில்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அசையவில்லை. சவ்வு மூக்கை மூடிக்கொண்டு பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவர் ஓங்கரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைகளைத் துப்பட்டாவை விட்டு அவளால் எடுக்க முடியவில்லை.

கிழிந்த நகத்தால் சவ்வைப் பிய்த்தார். மூக்கையும் வாயையும் விரலால் வழித்துத் துடைத்தார். பயணத்துக்கென்று போட்டிருந்த புதுச் சட்டையின் நுனியைச் சுருட்டி, அந்த ஈரச் சதையை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். "சீ. சீ. மூச்சை விடு சனியனே. சீ, விடுடா." தேய்த்துக்கொண்டே இருந்தார். காத்திருந்தவர்கள் எல்லோரும் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஊசி முனை அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. பிறகு கொஞ்சம் பெரிய சத்தம்.

உள் அறைக் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தோடு வந்து, கவிழ்ந்து கிடந்த சோபாவையும் தரையையும் பார்த்தார்.

"என்ன இது?"

"முதலாளிங்க, டாக்டர்."

"யாருக்கு முதலாளி?"

"பூனைங்க. உள்ள இருந்தது. என் தப்புதான்."

டாக்டர் இவர் கையையும் சட்டையையும் பார்த்து இரண்டடி பின்னால் போனார். "சீச்சீ! இதை உடனே எடுத்துட்டுப் போங்க!" அந்தச் சொல்லை அடுத்தவர் வாயிலிருந்து தன்னைப் பார்த்து வரக் கேட்பது இவருக்குப் புதுசு. நன்றாக இல்லை. அது இத்தனை நாள் யார் யார் மேல் போய் விழுந்திருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் நினைக்கப் பிடிக்காமல் விட்டுவிட்டார். புது உறை, புது ஸ்பாஞ்ச், புது அடித்துணி போட்டு அதே சோபாவை மறுபடி கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, தரையைத் தானே மண்டியிட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

ஆமை வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பஸ் நேரம் தாண்டியிருந்தது. மனைவி போனில், "பஸ் போயிடுச்சு. அப்பனும் மகளும் சேர்ந்து மூணாவதையும் கெடுத்தாச்சு, சந்தோஷமா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை குட்டி?" என்று கேட்டாள். பின்னாலிருந்து பயல், "அப்ப முதலாளியை இனிமே முதலாளியம்மான்னு கூப்பிடணுமா?" என்று கத்துவது கேட்டது.

வேனின் பின்பக்கத்தில் சோபா மல்லாந்து கிடந்தது. அதன் கிழிந்த வயிற்றுக்குள் துப்பட்டாவை விரித்து, தாயையும் குட்டிகளையும் வைத்து, குலுங்காமல் ஒரு பக்கம் மகளும் மறுபக்கம் அப்பாவும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆமை அன்றைக்கு மட்டும் வழக்கத்தைவிடவும் மெதுவாக ஓட்டினார். சைக்கிள்கள் முந்திப்போயின. தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. வேர்வையும் ரத்தமும் பூனை மூத்திரமும் காய்ந்து அவர் சட்டை விறைத்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் அவர் கேட்டார்.

"நெஜமாவே நம்புனியா? கோணியில கட்டி விட்டிருப்பேன்னு?"

"நம்பினேன்."

"இப்ப?"

"இப்ப எலின்னு நெனச்சு மூடுனீங்கன்னு நம்பறேன்." கொஞ்சம் யோசித்தாள். "அது அதைவிடக் கேவலம்ப்பா. பாவம், எலின்னா மட்டும் என்ன? அந்த ஆளு மேல உக்காந்திருந்தாரு!"

"கேவலம்தான்."

"டாக்டருக்குத் தெரிஞ்சா?"

"தெரிய வேண்டாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் சிரித்தாள். அப்புறம் மறுபடி கோபம் வந்து, கடற்கரை விடுதியிலிருந்து ஆரம்பித்தாள். மெத்தை, கத்தி, அந்தப் பெண்கள், மச்சான் வீட்டு மேஜை, காலுறை, ஒன்றையும் விடவில்லை. வருஷம் பூராவும் சேர்த்து வைத்திருந்த அத்தனை திட்டையும் எடுத்து வெளியே போட்டாள். அவர் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். நாளைக்கு வேறு பஸ் இருப்பதை அவர் சொன்னார். குட்டிகளை விட்டுவிட்டு எங்கேயும் வரமுடியாது, கண் திறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றாள், வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் அதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி சாலையைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மேட்டில் வண்டி குலுங்க, சோபாவைத் தாங்கிப் பிடிக்க அவர் மகள் பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

"அய்யோ, தள்ளி உக்காருங்கப்பா. நாத்தம் தாங்கலை" என்றாள் அவள், துப்பட்டா இல்லாத தோளால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

அவர் தள்ளி உட்காரவில்லை. அவளும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.